புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம்

முட்டாள்களில் பல ரகம் உண்டு. நான் கால்குலேட்டர் ரகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலை தேடி வந்தபோது என்னிடம் ஒரு டிப்ளமா சான்றிதழும் பத்து இலக்கம் காட்டும் ஒரு கால்குலேட்டரும் இருந்தன. இரண்டில் கால்குலேட்டரைத்தான் அதிகம் நம்பினேன். வாடகைக்கு எடுத்த அறையை முதல் வேலையாக அளந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் டேப் இரவல் வாங்கினேன். அதில் முதல் அங்குலம் தேய்ந்து கிழிந்து போயிருந்தது. பரவாயில்லை என்று கிழிந்த இடத்திலிருந்தே பிடித்து, அகலம் ஒன்பதடி நாலங்குலம், நீளம் ஏறக்குறைய பதினோரடி என்று குறித்துக்கொண்டேன். மீட்டருக்கு மாற்றிப் பெருக்கி வீட்டுக்குக் கடிதம் எழுதினேன்: "அறையின் பரப்பு 9.53804544 சதுர மீட்டர்."

அப்பா பதில் எழுதினார்: "ஜன்னல் இருக்கிறதா?"

இல்லை. அதை நான் கவனித்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருவனை யாராவது வேலைக்கு வைப்பார்களா? வைத்தார்கள். தொம்மலூர் பழைய ஊருக்குள், மாட்டுக்கொட்டகைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரு தகர ஷெட். நாலு லேத், இரண்டு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கும் இடம். எனக்கு வரைபட மேஜை. என் மேஜைக்கு எதிரே கண்ணாடித் தடுப்பு. அந்தத் தடுப்புக்குப் பின்னால் ஷெட்டிலேயே ஏசி இருந்த ஒரே அறை. அதற்குள் அவர் இருந்தார்.

கடைந்து வரும் ஒவ்வொன்றையும் அளந்து, சரி, சரியில்லை என்று சொல்லும் வேலை அவருடையது. பிரேசர் டவுனிலிருந்து மொபெட்டில் வருவார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம். இதைச் சான்றிதழ் பார்க்காமல் சொல்கிறேன். அவர் படித்தால் இந்த வரியை அடித்துவிடுவார். ஷெட்டில் நாங்கள் மேடம் என்போம். லேத்தில் நிற்பவர்கள் அக்கா என்பார்கள். முதலாளி மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பேரை இங்கே எழுத அவரிடம் நான் கேட்கவில்லை, எனவே எழுதவில்லை.

சேர்ந்த முதல் வாரத்திலேயே மோதிக்கொண்டோம். ஒரு நாள் மத்தியானம் அவர் தேவாலயத்தில் ஏதோ கல்யாணம் என்று போய்விட, அவசரமாக ஒரு தண்டின் குறுக்களவைப் பார்க்கச் சொன்னார்கள். வெர்னியர் அளவுகோலை எடுத்து மூன்று இடத்தில் அளந்தேன். 12.34, 12.36, 12.36. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, கால்குலேட்டர் காட்டியதை ஒரு இலக்கம்கூட விடாமல் பதிவேட்டில் எழுதினேன்: 12.35333333. கடைசி ஆறு மூன்றுகளுக்கு இடமில்லாமல் பக்கத்துக் கட்டத்திலும் கொஞ்சம் போயிற்று.

மறுநாள் காலையில் கண்ணாடியைத் தட்டினார்.

"இத்த எழுதினது நீங்களா சார்?"

"ஆமா மேடம். துல்லியமா இருக்கட்டும்னு."

"இந்த மூணு, மூணு, மூணு. இதெல்லாம் யாரு பாத்தது?"

"கால்குலேட்டர்ல வந்துச்சு மேடம்."

"கால்குலேட்டர் நேத்து இங்க வந்து தண்ட புடிச்சுப் பாத்துச்சா?"

சிவப்புப் பென்சிலை எடுத்து 12.35 வரை விட்டுவிட்டு மீதியை ஒரே இழுப்பில் அடித்தார். அப்புறம் அந்த ஐந்தையும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். எங்கள் வெர்னியர் இரண்டு இரண்டாகத்தான் காட்டும்: 34 தெரியும், 36 தெரியும், 35 அதில் கிடையாது. ஐந்தை அடிக்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. கடைசியில் ஓரத்தில் 'சராசரி' என்று எழுதிவிட்டு நகர்ந்தார். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கத்தை நாலு தடவை திறந்து பார்த்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அவரால் உட்கார முடியாது. அந்த அறையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அளக்க வேண்டிய உருப்படிகள்தான் உட்கார்ந்திருக்கும். லேத்திலிருந்து சூடாக வருவதை உடனே அளக்க மாட்டார். ஆறட்டும் என்று வைத்துவிட்டு, ஆறும் வரைக்கும் தான் ஆறாமல் நடப்பார். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் வரைக்கும் போவார், வருவார். மைக்ரோமீட்டரின் வாயைத் துணியால் துடைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கையின் சூடுபட்டால் இரும்பு விரியும் என்று துணி வைத்துத்தான் உருப்படியைத் தொடுவார். ஒரு தடவை பார்த்ததை எழுத மாட்டார். மூன்று தடவை பார்ப்பார். மூன்றும் ஒன்றாக வந்துவிட்டால் சந்தேகப்பட்டு நாலாவது தடவை பார்ப்பார். அவரைப் பார்த்துக்கொண்டே வரைந்தால் எனக்குக் கால் ஆடத் தொடங்கிவிடும். என் பழைய வரைபடங்களில் கோடுகள் லேசாக நடுங்கியிருக்கும். அது என் கை இல்லை, அவர் நடை.

இலக்கத்தைக் குறைப்பவர் என்று மட்டும் நினைத்தால் தப்பு. அவருடைய அறிக்கையை ஒருமுறை நான் டைப் அடித்துக் கொடுத்தேன். 25.40 என்று எழுதியிருந்ததை, கடைசிப் பூஜ்யம் எதற்கு, தண்டம் என்று 25.4 ஆக்கினேன். அழகாக இருந்தது. காகிதம் திரும்பி வந்தது.

"பூஜ்யம் எங்க போச்சு?"

"அதுக்கு மதிப்பு இல்லையே மேடம். இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு அத்தப் பாக்க அரை மணி நேரம் ஆச்சு. அங்க ஒண்ணும் இல்ல, ஒம்போதும் இல்ல, பூஜ்யம்தான்னு பாத்துட்டு எழுதினேன். போடுங்க."

நாற்பத்திரண்டு இடத்தில் பேனாவால் பூஜ்யம் போட்டேன். எத்தனை போட்டேன் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணுவதில் மட்டும் அவரிடம் சந்தேகமே கிடையாது. "எண்றது வேற, அளக்கறது வேற" என்பார். டப்பாவில் எத்தனை உருப்படி என்றால் "ஐந்நூத்தி எண்பத்தி மூணு" என்று பட்டென்று வரும். தொம்மலூரிலிருந்து பிரேசர் டவுன் எவ்வளவு தூரம் மேடம் என்றால் மொபெட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அஞ்சோ ஆறோ. மீட்டர் ஓடல" என்பார். மணி கேட்டாலும் அப்படித்தான். அவர் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது நாலு கோடுகள் மட்டும்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் "ஒரு மணிப் பக்கம்" என்பார். பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று நான் கேட்டதுண்டு. முன்பக்கமா பின்பக்கமா என்றுகூடக் கேட்டேன். அவர் தெர்மாமீட்டரைப் பார்க்கப் போய்விடுவார். என்னுடைய நகைச்சுவையையும் அவர் அளந்திருக்கிறார் என்றும், அது கருவியின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே விழுந்துவிட்டது என்றும் புரிந்துகொண்டேன்.

அவருக்குக் கல்யாணப் பேச்சு வந்த கதையை அவரே சொன்னார், உருப்படி ஒன்று ஆறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில். கோலார் தங்கவயலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். பையனின் அத்தை, "பொண்ணு ஒசரம் எத்தினி?" என்று கேட்டிருக்கிறார்.

"காலைலயா சாயங்காலமான்னு கேட்டேன்."

"எதுக்கு மேடம்?"

"காலைல எந்திரிக்கும்போது ஒரு செண்டிமீட்டர் ஜாஸ்தி இருப்போம். நாள் பூரா நின்னா இறங்கிப்போவும். நான் அளந்து பாத்திருக்கேன். அஞ்சடி ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுலன்னு சொன்னேன்."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"காப்பி ஆறிப்போச்சுன்னாங்க."

அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுபோனது. வருத்தப்பட்டாரா என்று தெரியவில்லை. உருப்படியை எடுத்துத் துடைத்து மறுபடி அளக்கத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் ஆறுதல் வாங்க முடியாது. லேத்தில் முனிராஜு என்று ஒருவர் இருந்தார். ஆனேக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார், மூன்றும் சண்டை போடாது. அவருடைய கைக்குழந்தைக்கு ஒருமுறை காய்ச்சல் விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மிச்ச வேலையை ஒப்படைக்க ஓடி வந்தவர், கண்ணாடிக்கு வெளியே நின்று, "சரியாயிடும் இல்லக்கா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் ஆயிடும், ஆயிடும் என்று கோரஸ் பாடினோம். அவர் மட்டும், "எனக்குத் தெரியாது முனிராஜு. டாக்டர் இன்னா சொன்னார்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இப்படியும் ஒரு கல்நெஞ்சமா என்று நினைத்து முடிப்பதற்குள் அவர் ஏப்ரனைக் கழற்றிவிட்டு, முனிராஜுவை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கோரஸ் பாடிய நாங்கள் டீ குடிக்கப் போனோம்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இனி சொல்லப்போவது அதற்கு அடுத்த வருஷம் நடந்தது, அதில்தான் நான் வருகிறேன்.

நாட்டின் கதவெல்லாம் திறந்துவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஷெட்டின் தகரக் கதவு வழியாகவும் ஒரு வெளிநாட்டு ஆர்டர் நுழைந்தது. அறுநூறு புஷ். புஷ் என்றால் ஒரு சின்ன இரும்பு உருளை, நடுவில் துளை. அவர்கள் அனுப்பிய வரைபடம் அங்குலத்தில் இருந்தது. எங்கள் ஷெட்டில் எல்லாம் மில்லிமீட்டர். மாற்றி வரைவது என் வேலை. நீளம் ஒன்றே காலே அரைக்கால் என்ற மாதிரி ஒரு பின்ன அளவு: ஒன்றும் எட்டில் மூன்று பங்கும், அங்குலத்தில். கால்குலேட்டரை எடுத்தேன். 34.925. கச்சிதமாக மூன்றே இலக்கத்தில் முடிந்தது. நாலாவது இலக்கம் இல்லையே என்று கொஞ்சம் வருத்தம்கூடப் பட்டேன். அப்படியே வரைபடத்தில் எழுதினேன், கையெழுத்துப் போட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வரைபடத் தாள் ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி அச்சிட்டிருக்கும். புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம் எழுதினால், கடைபவர் 0.3 மில்லிமீட்டர் கூடக் குறைய விடலாம். இரண்டு இலக்கம் என்றால் 0.1. மூன்று இலக்கம் என்றால் வெறும் 0.02, தலைமுடியில் பாதிகூட இல்லை. அதாவது எத்தனை இலக்கம் எழுதுகிறாய் என்பதே ஓர் உத்தரவு. இரண்டு வருஷமாக அந்தத் தாளில் வரைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெட்டிக்கு மேலேதான் டீ கிளாசை வைப்பேன்.

அனுப்பியவர்கள் பின்னத்தில் எழுதியதற்கு அர்த்தம், நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்பது. நான் 34.9 என்று எழுதி நிறுத்தியிருக்க வேண்டும். கூடுதலாக இரண்டு இலக்கம் எழுதி, ஒரு சாதாரண இரும்புத் துண்டை நகைக்கடைச் சாமானாக்கிவிட்டேன்.

முனிராஜு அந்த அறுநூறையும் பழைய லேத்தில் கடைந்தார். ஆறு மாதத் தவணை வேலையாளாகச் சேர்ந்து, இரண்டு தடவை நீட்டிக்கப்பட்டவர். அந்தச் சனிக்கிழமை தவணை முடிகிறது. நிரந்தரம் என்று டைப் அடித்த கடிதம், கையெழுத்துக்காக முதலாளி மேஜையில் காகித எடைக்குக் கீழே இருந்தது. அதை டைப் அடித்ததே நான்தான்.

புதன்கிழமை காலை மேடம் அறையிலிருந்து டப்பாக்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு அட்டை. எழுபத்தொன்று சரி. ஐந்நூற்று இருபத்தொன்பது சரியில்லை.

முதலாளி கன்னடக்காரர், எங்களிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். "ஏனய்யா முனிராஜு, நூறு அல்லா, இருநூறு அல்லா. ஐநூறு. கண்ண மூடிக்கினு ஓட்னியா?"

"இல்ல சார். ஒவ்வொண்ணும் பாத்துதான் சார் வெட்னேன். அந்த லேத்துல நீளம் இவ்ளோ டைட்டா நிக்காது சார்."

"மெஷின் மேல பழி போடபேடா. அதத் தொடாதே இனி. சனிக்கிழமையோட போதும்."

அன்றிலிருந்து முனிராஜு கையில் துடைப்பம் கொடுக்கப்பட்டது. லேத்துகளுக்கு அடியில் விழும் இரும்புச் சுருளைக் கூட்டி மூலையில் குவித்துக்கொண்டிருந்தார். தன் லேத்துக்கு அடியில் கூட்டும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு குறுகுறுப்பில், அந்த அங்குல வரைபடத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பின்னத்தைப் பார்த்தேன். என் வரைபடத்தைப் பார்த்தேன். டீ கிளாசை நகர்த்திவிட்டு மூலைப் பெட்டியைப் பார்த்தேன். நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மைக்ரோமீட்டரைத் துடைத்தபடி, என் பக்கம் பார்த்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். நான் வரைபடத்தை மற்ற தாள்களுக்கு அடியில் தள்ளி இழுப்பறையை மூடினேன்.

அதற்கப்புறம் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஒரு கோடு போடுவேன், எழுந்து டீக்கடைக்குப் போவேன். ஆறாவது டீக்குக் கடைக்காரர், "சார், வீட்ல ஏதாச்சும்மா?" என்றார். ஜோக்குகள் வழக்கத்தைவிட அதிகமாக அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் சிரித்தேன். முனிராஜு கூட்டிக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தால், கழிவறைப் பக்கம் போவேன். என் தவணையும் அந்த மாதம்தான் முடிய இருந்தது. வீட்டுக்கு வேலை நிரந்தரம் என்று முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தேன். எதையும் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுவது என் பழக்கம்.

வியாழக்கிழமை காலையில் ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைகள் எனக்குக் காலையில்தான் வரும். நேராக அவர் அறைக்குப் போனேன்.

"மேடம், அந்த சிவப்பு டப்பால பாதி, ஒன்பது ரெண்டுக்குப் பக்கத்துலதானே இருக்கும்? எல்லாத்தையும் முப்பத்திநாலு புள்ளி ஒன்பது ரெண்டுன்னு போட்டுட்டா? அங்க போய் யாரு இத மைக்ரோமீட்டர் வெச்சுப் பாக்கப்போறாங்க?"

அவர் நடப்பதை நிறுத்தினார். அவர் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் பாத்தது முப்பத்திநாலு புள்ளி எண்பதுல இருந்து முப்பத்தஞ்சு புள்ளி பூஜ்யம் அஞ்சு வரைக்கும் கீது. எண்பதுன்னா எண்பதுன்னுதான் எழுதுவேன்."

"முனிராஜுவுக்கு வேலை போயிடும் மேடம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எனக்குக் குடுத்த பேப்பர்ல மூணு இலக்கம் கீது. மூணாவது இலக்கத்த என் மைக்ரோமீட்டரே காட்டாது. பார்ட்டி இன்னா கேட்டான்னு தெரியணும். அந்த ஒரிஜினல் இங்கிலீஷ்காரன் பேப்பரக் குடுங்க, பாக்கறேன்."

"அது... தேடணும் மேடம். எங்கியோ வெச்சுட்டேன்."

என்னைப் பார்த்தார். ஓர் உருப்படியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். அவசரமில்லாமல்.

"தேடுங்க" என்றார்.

முதலாளியிடம் அவர் போய்ச் சொல்லியிருக்கலாம், அந்த வரைபடக்காரன் மேல் எனக்குச் சந்தேகம் என்று. ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை. என்மேல் இரக்கம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இரக்கமெல்லாம் இல்லை. அந்தக் காகிதத்தை அவர் படித்துப் பார்க்கவில்லை. படிக்காததைப் பற்றி அவரிடம் பேச்சு கிடையாது. அவருடைய அந்த ஒழுங்குக்கும் என்னுடைய பொய்க்கும் நடுவில் முனிராஜு வியாழக்கிழமை முழுக்கக் கூட்டிக்கொண்டிருந்தார். சில நேரம் எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது. இவ்வளவு நியாயம் பார்க்கிறவர் இழுப்பறையை இழுத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று. தப்பைச் செய்துவிட்டு அதைக் கண்டுபிடிக்கவில்லை என்று அடுத்தவர்மேல் கோபப்படுவது எனக்குக் கைவந்த கலை.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்துவிட்டேன். எனக்கு முன்னால் முனிராஜு வந்து கூட்டத் தொடங்கியிருந்தார். ஷெட்டில் வேறு யாரும் இல்லை. ஓடவும் இடமில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்" என்றார். "நல்ல கண் டாக்டர் யாரன்னா தெரியுமா?"

"எதுக்கு?"

"எனக்குக் கண்ணு போயிடுச்சு போலண்ணா. அளவு ஒவ்வொண்ணும் பாத்துதான் வெட்னேன். எனக்கு சரியாதான் தெரிஞ்சுது. அக்கா பொய் எழுத மாட்டாங்க. பேப்பரும் தப்பா இருக்காது. அப்போ என் கண்ணுதானே?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக் காட்டினார். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். இரண்டு தடவையும் சரியாகவே படித்தார். "தூரத்துல தெரியுது. கிட்டதான் கோளாறு போல."

இழுப்பறையை இழுத்து அந்தத் தாளை எடுத்தேன். முதலாளி வரும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன். ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். தாளைப் பிரித்துக் காட்டினேன். பின்னத்தைக் காட்டினேன். மூலைப் பெட்டியைக் காட்டினேன். பெட்டி மேலிருந்த டீ வட்டத்தையும் காட்டினேன், அது தேவையில்லை, இருந்தாலும்.

முதலாளி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ டிப்ளமா அல்வா? டிப்ளமாதானே?"

"ஆமா சார்."

"எத்தனை பர்செண்ட்?"

"எழுபத்தெட்டு புள்ளி நாலு ஆறு சார்."

"அந்த நாலு ஆறும் இதே மாதிரிதானா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

புதிய வரைபடம் வரைந்தேன். 34.9. திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் 'வரைந்தவர் தவறு' என்று எழுதிக் கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு தாளையும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது, இனி அறுநூறையும் முதலிலிருந்து அளப்பார் என்று. அளக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, தான் ஏற்கெனவே எழுதியிருந்த அறுநூறு எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"மறுபடி பாக்க வேணாமா மேடம்?"

"நான் பாத்தது மாறல. உங்க பேப்பர்தான் மாறிச்சு."

மத்தியானத்துக்குள் சிவப்பு அட்டைகள் எல்லாம் இறங்கின. ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு சரி. மீதி இரண்டைத் தனியே எடுத்துத் துணியில் வைத்து முனிராஜுவைக் கூப்பிட்டார். "இந்த ரெண்டுல வாயோரம் அடிபட்டிருக்கு. நீளம் இல்ல, இது வேற. இது உன் தப்பு."

முனிராஜு அந்த இரண்டையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மூன்று நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். தன் தப்பு எது என்று ஒருவழியாகக் கண்ணுக்குத் தெரிந்த நிம்மதி அது. சனிக்கிழமை கடிதத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார். எனக்குத் தவணை இன்னும் ஆறு மாதம் நீண்டது. அந்தக் கடிதத்தையும் நானே டைப் அடித்தேன்.

அப்புறம் நான் அங்கே அதிக நாள் இல்லை. ஓரிடத்தில் இருக்கிற உடம்பு இல்லை என்னுடையது. கம்ப்யூட்டர் படித்து, மூன்று கம்பெனி மாறி, தொம்மலூருக்கே திரும்பி வந்தேன், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடிக்கு. ஜன்னலிலிருந்து பார்த்தால் ஷெட் இருந்த இடத்தில் வேறொரு கண்ணாடிக் கட்டடம். முதலாளி ஷெட்டை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார் என்றும், மேடமும் முனிராஜுவும் இன்னும் அங்கேதான் என்றும் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் முனிராஜுவே போன் செய்தார். ஆனேக்கல்லில் வீடு கட்டிவிட்டார், கிரகப்பிரவேசம். போனேன். முனிராஜுவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி இன்னும் போடவில்லை. என்னை ஆளாளுக்கு அறிமுகப்படுத்திவிட்டுப் பந்தியில் உட்கார வைத்தார். எனக்கு எதிர்வரிசையில் மேடம் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. இலையில் உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கீங்க மேடம்?" என்றேன். "இருக்கேன்" என்றார்.

பக்கத்தில் முனிராஜுவின் மச்சான். நான் யார் என்று கேட்டார். இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால் நான் விடுவேனா? அறுநூறு புஷ்ஷின் கதையை ஆரம்பித்தேன். மூன்று இலக்கம், மூலைப் பெட்டி, டீ கிளாஸ் எல்லாவற்றையும் நன்றாகவே சொன்னேன். இரண்டு பக்கத்திலும் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு வந்த முனிராஜு நின்று கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் பிரியம் பெருகிக்கொண்டு வந்தது.

"அப்புறம் இன்னா சார் ஆச்சு?" என்றார் மச்சான்.

"ஆவறது இன்னா? தப்பு என்னுதுன்னு தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் யோசிக்கல. உடனே நேராப் போய் முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு. எத்தினி பேருக்கு வரும்?"

முனிராஜு என் இலையில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார். நான் தன்னடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

எதிர்வரிசையில் அவர் அப்பளத்தை உடைத்துச் சோற்றில் வைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணரை நாள் கழிச்சு."